மூன்று மடிப்பு நத்தைக்கு ஒரு பேர்

என் மனைவியை ஒரே ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று தீர்மானம் பண்ணினேன்.

சாதாரணத் தீர்மானம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அவளுக்குத் தெரியாமல் ஒரு டம்ளர்கூட இடம் மாறியது கிடையாது. நான் தும்மப்போகிறேன் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கைக்குட்டையோடு நிற்பாள். அப்பேர்ப்பட்டவளிடம் நான் இரண்டு விஷயத்தை மறைக்க வேண்டியிருந்தது. ஒன்று, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது. வயிற்றில் இருப்பது இனிமேல் கரையாது, மழைக்காலம் முடிவதற்குள் எதுவும் நடக்கலாம், அவங்ககிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றார். இரண்டாவது, ஒரு நத்தை.

நத்தை என்றதும் தோட்டத்தில் இலை தின்கிற பேர்வழியை நினைக்க வேண்டாம். இது கடல் நத்தை. செத்து ஆறு கோடி வருஷம் ஆகிறது. கல்லாகவே ஆகிவிட்டது. நான் வேலை பார்ப்பது தொல்லுயிர் மியூசியத்தில். கல்லாகிப்போன சங்கு, சிப்பி, நத்தை எல்லாவற்றையும் கழுவி, எண் போட்டு, இழுப்பறையில் வைத்து, வருகிறவர்களிடம் "தொடாதீங்க" என்று சொல்வது என் உத்தியோகம். உடம்பு முடியாமல் போகும்வரை என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். மேல்மாடியில் நத்தைகளுக்குப் படம் வரைகிறவள். கோடே போட மாட்டாள். மைப் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்தே நத்தையை உருட்டித் திரட்டிக் காகிதத்தில் உட்கார வைத்துவிடுவாள். அங்கே நான் கீழே, அவள் மேலே. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஏற்பாட்டில் மாற்றம் இல்லை. நத்தைக்கு ஓடு இருக்கிறது, ஆனால் ஓடாது. எனக்கு ஓடு கிடையாது, ஆனால் அவள் குரல் கேட்டால் ஓடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளத்திலிருந்து ஒரு கல் மியூசியத்துக்கு வந்தது. அதில் ஒட்டிக்கொண்டிருந்தது இந்த நத்தை. நத்தையை இன்னார் என்று அடையாளம் காண்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலில் வலம்புரியா, இடம்புரியா என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வலமும் புரியாது, இடமும் புரியாது. பிறகு வாய் எவ்வளவு பெரிசு, உதடு தடிப்பா, தொப்புள் உண்டா, உதட்டுக்குள்ளே மடிப்பு எத்தனை என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். மனுஷர்களைப் பற்றி இதையெல்லாம் விசாரித்தால் அடி விழும். நத்தையைப் பற்றி விசாரித்தால் சம்பளம் தருகிறார்கள்.

இந்த நத்தைக்கு உள் உதட்டில் மூன்று மடிப்பு. இதன் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இரண்டுதான். கல் துணுக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டு மூன்றாவது மடிப்பு மாதிரி பாவனை பண்ணுகிறதோ என்று ஊசியால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை. ஒன்றுக்கு மட்டும் பிறவிக் கோளாறோ என்று அதே பள்ளத்துக்குப் போய் வெயிலில் கல்லுடைத்து இன்னும் சிலவற்றைக் கொண்டுவந்தேன். எல்லாவற்றுக்கும் மூன்று. மியூசியத்தின் இழுப்பறைகளை எல்லாம் இழுத்தேன். புத்தகங்களைப் புரட்டினேன். வெளிநாட்டு மியூசியங்களுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். எங்களிடம் இப்படி ஒன்று இல்லை என்று எல்லோரும் கையை விரித்தார்கள். யாருக்கும் தெரியாத நத்தை. இன்னும் பேர் வைக்கப்படாத நத்தை. யார் முதலில் விவரம் எழுதி அச்சில் போடுகிறாரோ அவர்தான் பேர் வைக்கலாம்.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பேர் வைக்கிற சந்தர்ப்பமே எங்கள் வீட்டில் வந்ததில்லை. அன்றைக்குப் படிக்கட்டில் நின்று யோசித்தேன். இவள் போய்விடுவாள். போன பிறகு இவள் பேரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வரி ரசீதில் அடித்துவிடுவார்கள். பாங்கில் அடித்துவிடுவார்கள். நத்தைக்கு வைத்த பேரை எவனாலும் அடிக்க முடியாது. ஆயிரம் வருஷம் கழித்தும் யாராவது அந்தக் கல்லைக் கையில் எடுத்தால் இவள் பேரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சரி, நத்தைக்கு இவள் பேர். இவளுக்குத் தெரியாமல். அச்சாகி வந்ததும் கையில் கொடுத்து, ஒரு தடவையாவது இவள் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்துவிட வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னார் டாக்டர்?"

"சத்து மாத்திரை எழுதியிருக்கார்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"பெரிய மாத்திரை."

என் முகத்தையே பார்த்தாள். "கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"மாடியில ஒரே தூசி."

"ஆஸ்பத்திரியில தூசியா? நல்லா கூட்டச் சொல்லிட்டு வரக் கூடாதா?" என்று எழுந்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். விவரத்தோடு படமும் வேண்டும். அந்த மூன்றாவது மடிப்பு போட்டோவில் விழ மாட்டேன் என்று அடம்பிடித்தது. இவள் வைக்கிற புள்ளியில்தான் விழும். ஆக, தன் பேர் வைக்கப்போகிற நத்தையை இவளையே வரையச் சொல்ல வேண்டும், தன் பேர் என்று தெரியாமல் வரைந்து முடிக்க வேண்டும். வீட்டில் ஜன்னலோரம் கட்டிலைத் திருப்பிப் போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, மடியில் பலகை வைத்தேன். நத்தையைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"வாய் ரொம்பப் பெரிசா இருக்கே."

"ஆமா. அதனால பொம்பளை நத்தையா இருக்கும்னு நெனைக்கிறேன்."

"இருக்கும். ஆறு கோடி வருஷமா தொறந்த வாய் மூடாம இருக்குன்னா, பக்கத்துல கேக்குறதுக்கு ஒரு புருஷன் நத்தை இருந்திருக்கும். தேடிப் பாத்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முழுசாகச் சிரிக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றுவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் என் முட்டாள்தனம் ஆரம்பம். இந்தப் பேர்களுக்கு லத்தீன் முறைப்படி ஒரு வால் சேர்க்க வேண்டும். பெண் பேர் என்றால் கடைசியில் 'ஏ'. ஆண் பேர் என்றால் கடைசியில் 'இ'. 'ஏ' என்றால் ஏங்க என்று கூப்பிடுகிறவள். 'இ' என்றால் இளிச்சவாயன். யோசித்துத்தான் வகுத்திருக்கிறார்கள். அவள் பேரோடு அந்த வாலை ஒட்டிப் பார்த்தேன். எழுத்தில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கேட்டுத் தொலைத்தேன்.

"இந்தா, உன் பேருக்கு இங்கிலீஷ்ல எத்தனை 'ஏ' வரும்?"

புள்ளி வைத்துக்கொண்டிருந்த பேனா அந்தரத்தில் நின்றது.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை 'இந்தா'ன்னுதான் கூப்பிடுறீங்க. எனக்குப் பேர்னு ஒண்ணு இருக்கிறதே உங்களுக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சேன். இன்னைக்கு எழுத்துக்கூட்டிக் கேக்குறீங்க?"

"மருந்துக் கடையில கேட்டாங்க."

"மாத்திரை குடுக்கிறதுக்கு எத்தனை 'ஏ'ன்னு கேக்குறாங்களா?"

"பெரிய கடை. எல்லாம் கம்ப்யூட்டர்."

"ஓஹோ," என்றாள். எத்தனை 'ஏ' என்று சொன்னாள். அடுத்த புள்ளியை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமல், "இந்த நத்தைக்கு என்ன பேர் வைக்கப்போறீங்க?" என்றாள்.

"மூணு மடிப்புன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஏதாவது."

"நல்ல பேர். உங்க வயித்துக்கும் பொருந்தும்."

மறுநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பியதும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். குரல் ரொம்பவும் குழைந்து வந்தது.

"ஏங்க, இத்தனை வருஷமா எத்தனை நத்தை வரைஞ்சிருப்பேன்! ஒரு கட்டுரையிலகூட என் பேர் முன்னாடி வந்ததில்ல. கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல 'படம் உதவி'ன்னு போடுவாங்க. இந்தத் தடவை எழுதினவங்கன்னு உங்க பேரோட என் பேரையும் சேத்துப் போடுங்களேன்."

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. பாவம், வாழ்க்கையில் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. கட்டளையிட்டுத்தான் பழக்கம். சேர்த்துவிட்டேன். எழுதியவர்களிலும் அவள் பேர், நத்தையிலும் அவள் பேர், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தேன்.

சில நாளில் மியூசியம் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். எங்கள் டைரக்டர் நல்ல மனுஷர். நல்ல செய்தி என்றால் மூக்குக்கண்ணாடி மூக்கில் இருக்கும், கெட்ட செய்தி என்றால் நெற்றிக்கு ஏறிவிடும். நான் போனபோது நெற்றியில் இருந்தது.

"என்னய்யா இது? உங்க வீட்டம்மா தன் பேரைத் தானே நத்தைக்கு வச்சிக்கிறாங்களாமே?"

"அவ வைக்கல சார். நான் வச்சேன்."

"எழுதினவங்கன்னு ரெண்டு பேரையும் போட்டிருக்கியே! ரெண்டு பேரும் சேர்ந்து வச்சதாத்தானே அர்த்தம்? தன் பேரைத் தானே வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல? பத்திரிகைக்காரங்க சிரிச்சுட்டு திருப்பி அனுப்பியிருக்காங்க. ஒண்ணு, எழுதினவங்க வரிசையிலேர்ந்து அவங்களை எடு. இல்லேன்னா நத்தை பேரை மாத்து."

எனக்குத் தெரிந்த மரியாதைதான். காலம் காலமாகத் தெரியும். மனைவி குழைந்து கேட்டால் புருஷனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. அதுதான் கோளாறு.

வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"இந்தா, பத்திரிகையில ரெண்டு பேர் போட இடம் இல்லையாம். ஒரு பேரை எடுக்கச் சொல்றாங்க."

"அப்போ உங்க பேரை எடுத்துடுங்க."

"என் பேரையா?"

"ரெண்டுல ஒண்ணுதானே?"

"அது வந்து, உன் பேரைத்தான் எடுக்கணுமாம்."

"ஏன், என் பேருக்கு 'ஏ' ஜாஸ்தியா இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. அச்சு யந்திரத்துல ஏதோ..."

"தன் பேரைத் தானே வச்சுக்கக் கூடாதுன்னு டைரக்டர் சொன்னாரா?"

வாயைத் திறந்தேன். மூட மறந்துவிட்டேன்.

"தெரிஞ்சேதான் சேக்கச் சொன்னியா?"

"நத்தைக்குப் படம் போட்டே கண்ணு பூத்துப்போச்சு எனக்கு. இது தெரியாதா? எத்தனை 'ஏ'ன்னு கேட்டீங்களே, அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டீங்க. அதான் உள்ளே புகுந்து உக்காந்துக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. சாகப்போகிறவள் என்று தெரிந்தும் கோபம் வந்தது. "உன் பேரை வச்சா உனக்கு என்ன கஷ்டம்?" என்று கத்தினேன். "பிடிக்கல," என்றாள். "ஏன் பிடிக்கல?" "பிடிக்கலேன்னா பிடிக்கல." பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பிள்ளைக்குப் பேர் வைக்கிறதில் புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொள்வார்களே, அதே சண்டைதான். எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. நான் குரலை இறக்கிக்கொண்டு சமாதானத்துக்கு வந்தேன்.

"சரி, இந்த ஒரு தடவை விட்டுக்கொடு. எழுதினவங்கள்ல உன் பேரை எடுத்துடறேன். அடுத்த நத்தைக்கு உன்னைத்தான் முதல்ல போடுவேன். சத்தியம்."

"அடுத்த நத்தை வரைக்கும் நான் எங்க இருக்கப்போறேன்?"

"என்ன பேச்சு இது? அந்தச் சத்து மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா..."

"அது வலி மாத்திரைங்க." சாதாரணமாகச் சொன்னாள். "டாக்டர் உங்களை மாடிக்குக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே என்கிட்ட எல்லாம் சொல்லிட்டார். நான்தான் சொன்னேன். அவர்கிட்டயும் பக்குவமா சொல்லுங்க டாக்டர், ஆனா எனக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லி அனுப்புங்கன்னு."

"ஏன் அப்படி?"

"மறைக்கிற வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா நீங்க அதுலயே மும்முரமா இருப்பீங்க. வேலை இல்லேன்னா உடைஞ்சுபோயிடுவீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அத்தனை நாளும் நான் நடித்த நடிப்பு! குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது, முகத்தைக் கழுவிவிட்டு விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தது, எல்லாவற்றையும் இவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வெட்கம் கிட்கம் எதுவும் தோன்றவில்லை. அவள் என் தலையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துக் கொடுத்தாள். முகத்தை அழுத்தித் துடைத்தேன். அது பேனா துடைக்கிற துணி. மூஞ்சி முழுக்க மை. அவள் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, போங்களேன் அந்தப் பக்கம், வலிக்குது," என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பிரமாதமான யோசனை உதித்தது. நத்தைப் பேர்களில் இன்னொரு வழக்கம் உண்டு. பேரை எங்கே எழுதினாலும், அதை முதலில் விவரித்து எழுதியவர் பேரையும் பின்னாலேயே எழுதுவார்கள். பெண்டாட்டி பேருக்குப் பின்னால் புருஷன் பேர் ஒட்டிக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி. எழுதியவர் வரிசையிலிருந்து நான் விலகிவிட்டால்? முன்னால் 'மூன்று மடிப்பு', பின்னால் இவள் பேர் மட்டும். தன் பேரைத் தானே வைத்துக்கொண்டதாகவும் ஆகாது. நத்தை இருக்கிறவரை இவள் பேரும் இருக்கும்.

"நான் விலகிக்கறேன். நீ மட்டும் எழுது. நத்தைக்கு மூணு மடிப்புன்னே வச்சிடலாம்," என்றேன்.

"சரி," என்றாள்.

எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் ஒரே வார்த்தையில் சரி என்று சொன்னதே கிடையாது.

விவரம் முழுவதையும் அவளே எழுதினாள். தலையணையில் சாய்ந்தபடி அளவுகோலால் ஒவ்வொரு நத்தையாக அளந்து எழுதினாள். நான் எழுதியிருந்ததில் அவளுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. 'உதடு அழகாக வளைந்தது' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு 'உதடு தடித்தது' என்று போட்டாள். படத்தில் கடைசியாகப் பாக்கி இருந்தது அந்த மூன்றாவது மடிப்பின் நிழல். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நாலு புள்ளி வைப்பாள், பேனாவை என்னிடம் நீட்டுவாள், கண்ணை மூடிக்கொள்வாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணைத் திறந்து கையை நீட்டுவாள். அந்தச் சின்ன நிழலை முடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று நான் எண்ணவில்லை. முடியாமலே இழுத்துக்கொண்டு போனால் தேவலை என்று இருந்தது. ஆனால் ஒரு நாள் மத்தியானம் முடித்துவிட்டாள். டைரக்டர் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடி அவருக்கு மூக்கிலும் இல்லை, நெற்றியிலும் இல்லை. கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அச்சில் வந்ததும் இந்த நத்தையைக் கண்காட்சிக் கூடத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறேன் அம்மா என்று அவளிடம் சொன்னார்.

பத்திரிகை வந்தபோது வெளியே நல்ல மழை. அவளால் உட்கார முடியவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பக்கத்தைப் புரட்டினேன். படம் பிரமாதமாக விழுந்திருந்தது. மேலே பேர். வாசித்தேன். திரும்ப வாசித்தேன்.

"இந்தா, இதென்ன?"

"நத்தைப் பேர்."

"இது என் பேர்!"

"ஆமா. பின்னாடி 'இ' சரியா போட்டிருக்காங்களா?"

"மூணு மடிப்புன்னுதானே வைக்கிறதா..."

"டைரக்டருக்குப் போன் பண்ணி மாத்திட்டேன். எழுதினவங்களுக்குத்தானே பேர் வைக்கிற பாத்தியதை? நீங்கதான் உங்க பேரை நீங்களே எடுத்துட்டீங்களே."

திருதிருவென்று முழித்தேன். அவள் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

மூச்சு வாங்கியது அவளுக்கு. நிதானமாக, விட்டு விட்டுச் சொன்னாள். "என் பேரை வச்சா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு தெரியும். காலையில போய் அந்தப் பெட்டி முன்னாடி உக்காருவீங்க. பொழுது சாயுற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டீங்க. சோறு தண்ணி இருக்காது. உங்க பேரை வச்சிட்டா, எவனாவது பாத்து சிரிப்பானோன்னு வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டீங்க. நம்ம கல்யாண போட்டோவுலயே மூஞ்சியத் திருப்பிக்கிட்ட ஆளு நீங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னை விட்டுவிட்டுப் போகிறவள், நான் எங்கே உட்காருவேன் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

மழைக்காலம் முடிகிறதற்குள் போய்விட்டாள். டாக்டர் சொன்ன கெடுவைக்கூட அவள் தாண்டவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. டம்ளர் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தும்மினால் கைக்குட்டையைத் தேட வேண்டியிருக்கிறது. மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அவள் சொன்னது அட்சரம் பிசகவில்லை. கண்காட்சிக் கூடத்துப் பக்கம் என்னால் போக முடியவில்லை. அலுவலகத்தில், "என்ன சார், உயிரோட இருக்கும்போதே கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிட்டீங்க," என்று கிண்டல். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு பொடிசு, "மிஸ், இந்த நத்தைக்கு எங்க மாமா பேரை வச்சிருக்காங்க," என்று கத்தியது என் அறைவரைக்கும் கேட்டது. கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பார்வையாளர்கள் எல்லாரும் போன பிறகு, மனசு கேட்காமல் உள்ளே போனேன். பெட்டிக்கு மேல் ஒரே ஒரு விளக்கு. கல்லில் அந்தப் பெரிய வாய். உதட்டில் மூன்று மடிப்பு. கீழே ஒரு சின்ன அட்டை. என் பேர். அதற்குப் பின்னால், வழக்கப்படி, விவரித்தவர் பேர். அவள் பேர். எல்லா 'ஏ'யும் இடம் தவறாமல் இருந்தது.

ஆகா, கோட்டை விட்டுவிட்டாளே! அவ்வளவு யோசித்தவள் இதை யோசிக்காமல் போய்விட்டாளே! கட்டை விரலைக் கண்ணாடி மேல் வைத்தேன். என் பேர் மறைந்தது. அவள் பேர் மட்டும் மிச்சம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளை நான் ஜெயித்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விரலை எடுக்காமல் அழுதேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். எல்லாரும் போகக் காத்திருந்து, சாயங்காலம் ஆனால் அங்கேதான். விரல் மரத்துப்போனால் அடுத்த கை விரல்.

நேற்று பின்னால் சாவிக்கொத்து சத்தம் கேட்டது. கூடத்தைப் பூட்டுகிற காவல்காரர். வயசானவர், அதிகம் பேச மாட்டார். சட்டென்று கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"பெட்டி சரியா பூட்டியிருக்கான்னு பாத்தேன்."

"பாருங்க சார், பாருங்க. தினமும் பாக்குறீங்கல்ல, நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." கொஞ்சம் தயங்கினார். "அம்மா போன்ல சொன்னது அப்படியே இருக்கு சார்."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். முடியாம இருக்கும்போது கூப்பிட்டாங்க. 'என் வீட்டுக்காரர் முதல்ல கொஞ்ச நாள் வர மாட்டார். அப்புறம் வருவார். அவர் பேரை விரலால மறைச்சுக்கிட்டு என் பேரைப் பாத்துக்கிட்டு நிப்பார். கொஞ்ச நேரம் நிக்க விடுங்க. விட்டா நின்னுக்கிட்டே இருப்பார். லைட்டை அணைச்சு, ஒரு வார்த்தை விசாரிச்சு, வீட்டுக்கு அனுப்பிடுங்க'ன்னாங்க. இத்தனை நாள் எனக்குத்தான் மனசு வரல."

சொல்லிவிட்டு அவர் லைட்டை அணைத்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?" என்றார்.